மலையும் பால் கணக்கும்

உங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து என்ன தெரிகிறது? பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியா, தென்னை மரமா, கொடியில் காயும் வேஷ்டியா? எங்கள் மாடியிலும் இவை எல்லாம் உண்டு. இவற்றுக்குப் பின்னால், தென்மேற்கு மூலையில், ஒரு மலையும் தெரிகிறது. அண்ணாமலைதான்!

நாங்கள் இருப்பது வேங்கிக்கால். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஊரை விட்டுச் சற்று வெளியே வந்தால் இந்த இடம். ஏரி ஒன்று, கலெக்டர் ஆபீஸ் ஒன்று, அதைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகள் பல! மனு எழுதித் தருகிறவர்களும் டீக்கடைக்காரர்களும் காலை எட்டு மணிக்கே சுறுசுறுப்பாகி விடுவார்கள். 1989-ல் வடாற்காடு ஜில்லாவைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினார்கள் அல்லவா? ரெவின்யூ இலாகாவில் இருந்த என் கணவருக்கு அந்தப் பிரிவினையால்தான் இந்தப் பக்கம் மாற்றல் வந்தது. ஆரணி, செய்யாறு, போளூர் என்று ஊர் ஊராகச் சட்டி பானை தூக்கிய எனக்கு, ரிடையரான பிறகு சொந்தமாக ஒரு கூரை கிடைத்ததும் இங்கேதான்.

இப்போது உங்களிடம் சொல்ல வந்தது வீட்டைப் பற்றி அல்ல. நான் படம் வரைகிறேன்! சிரிக்காதீர்கள். அறுபத்தோராவது வயதில் ஆரம்பித்தேன். உண்மையில் அது இரண்டாவது ஆரம்பம்.

முதல் ஆரம்பம் என் அம்மாவால் வந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைக்காத வீடு உண்டோ? என் அம்மா கதைகளோடு நிற்கவில்லை. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் சில்பி வரைந்து வந்த கோயில் சிற்பங்களையும் தனியாக எடுத்து, மைதா பசை போட்டு ஒட்டி, ஒரு கனத்த புத்தகமாக வைத்திருந்தாள். சில்பியின் சொந்தப் பெயர் சீனிவாசன், நாமக்கல்காரர். 'சில்பி' என்று பெயர் வைத்தவர் ஓவியர் மாலி என்பார்கள். கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து, ஒரு தூணின் மடிப்பும் விட்டுப் போகாமல் வரைந்த மனிதர். அந்தப் படங்களின் மேல் எண்ணெய் தடவிய காகிதத்தை வைத்து நான் காப்பி எடுப்பேன். எண்ணெய் கசிந்து புத்தகம் பாழாகும். முதுகில் இரண்டு விழும். வித்தை அப்படித்தான் வந்தது.

1979-ல் எனக்குக் கல்யாணம். புக்ககம் போகும்போது என் டிரங்குப் பெட்டியில் ஒரு டிராயிங் நோட்டும் போயிற்று. கல்யாணமான மூன்றாம் மாதம் எங்களை அண்ணாமலையார் தரிசனத்துக்கு அனுப்பி வைத்தார்கள். தரிசனம் முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு கடை நிழலில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்த கோபுரம் அது. 217 அடி, பதினோரு நிலைகள். ராயருக்கே ஒரு ஆயுளில் முடியவில்லை, எனக்கு ஒரு மணி நேரத்தில் முடியுமா? ஏழு நிலைகள் வரைந்திருந்தேன். "பஸ் வந்துடும், கிளம்பு" என்றார் அவர். மேலே நாலு நிலைகளுக்கும் கலசங்களுக்கும் இடம் வெறுமையாகவே நின்றது.

நான் படம் வரையக் கூடாது என்று புக்ககத்தில் யாரும் சொல்லவில்லை. இதை நான் நியாயமாகச் சொல்லியாக வேண்டும். என் மாமியார் நல்லவர். ஆனால், வெள்ளைக் காகிதம் சும்மா கிடப்பதை அவரால் பொறுக்க முடியாது! ஒரு நாள் பால்காரர் வந்து நின்றார். கையில் அகப்பட்டது என் நோட்டு. அதற்குப் பிறகு அது பால் கணக்கு நோட்டாயிற்று. சலவைக் கணக்கும் சேர்ந்துகொண்டது. "அத்தை, அது என் நோட்டு" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் திருப்பித் தந்திருப்பார். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றும் பதில் இல்லை. புது மருமகள், அவ்வளவுதான்.

வேங்கிக்கால் வீட்டுக்குக் குடி வந்தபோது, 2019-ல், பரண் சாமானைப் பிரித்தோம். பித்தளை அண்டாவுக்குள் அந்த நோட்டு இருந்தது. கரையான் எப்படியோ தயவு பண்ணியிருந்தது. பிரித்தால், என் கோபுரம்! ஏழாம் நிலைக்கு மேலே, கலசம் இருக்க வேண்டிய இடத்தில், மாமியாரின் கோணல் எழுத்தில், "பால் ஒன்றரை லிட்டர். வேஷ்டி 4, புடவை 3, தலையணை உறை 6" என்று எழுதியிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம், பரணுக்குக் கீழே அந்த ஏணிப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். காலமாகிவிட்ட மாமியாரை நினைத்தா, நாற்பது வருஷத்தை நினைத்தா? இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. என் கணவர் கீழே நின்று, "தூசி கண்ணில் பட்டுதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன்.

அடுத்த நாள் பேரன் விட்டுப்போன பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

மலையை வரைவது சுலபம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். குழந்தைகள்கூட இரண்டு கோடு சாய்த்து மலை போட்டு, நடுவில் சூரியனை வைத்து விடுகிறார்களே! என் முதல் படத்தைப் பார்த்த அவர், "இது மலையா, கவிழ்த்து வெச்ச சட்டியா?" என்றார். கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரிதான். சுமார் 2,670 அடி உயரமுள்ள அந்த மலையில் பிடித்துக்கொள்ள ஒரு தூண் இல்லை, ஒரு மாடம் இல்லை. நண்பகலில் பார்த்தால் வெட்டிய அட்டை மாதிரி தட்டையாக நிற்கும். மாலையில் சூரியன் அதன் பின்னே இறங்கி விடுவதால் ஒரே கறுப்பு. காலை ஏழு மணிக்குப் பக்கவாட்டில் வெயில் விழும்போதுதான் அது தன் மடிப்புகளைக் காட்டும். ஓடைகள், முகடுகள், பாறைக் கூட்டங்கள் எல்லாம் நிழலால் எழுந்து வரும். அதுவும் அரை மணி நேரம்தான். அந்த அரை மணியில்தான் நம் வீட்டில் குக்கர் கூவும், காப்பி கேட்பார்கள், காய்கறிக்காரி கூப்பிடுவாள்! சகோதரிகளே, நான் ஒரு தீர்மானம் செய்தேன். காலை ஏழிலிருந்து ஏழரை வரையில் காப்பியை அவரே போட்டுக்கொள்ள வேண்டும். முதல் வாரம் டிகாக்ஷன் இறங்கவில்லை. இப்போது என்னுடையதைவிட நன்றாகவே போடுகிறார், வெளியே சொல்வதில்லை.

மலையின் மறுபக்கங்களையும் வரைய ஆசை வந்தது. பௌர்ணமியில் லட்சக்கணக்கான ஜனங்கள் சுற்றும் கிரிவலப் பாதை பதினாலு கிலோ மீட்டர். கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் புறப்பட்டோம். நான் நோட்டும் பென்சிலும், அவர் தயிர்சாதமும் மடக்கு நாற்காலியும். போகப்போக மலை உருவம் மாறிக்கொண்டே வருகிறது. ஓரிடத்தில் ஒற்றைச் சிகரம், வேறிடத்தில் இரண்டு. குபேர லிங்கத்தின் பக்கம் வந்தால் ஐந்து முகமாகத் தெரியும் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நாலு இடத்தில் உட்கார்ந்து வரைந்தேன். நாலும் நாலு மலை மாதிரி வந்தன. நடந்து முடிக்க எங்களுக்கு முழுப் பகலும் ஆயிற்று. வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை ஆட்டோ" என்றார் அவர்.

ரமணாசிரமத்தைத் தாண்டும்போது ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், உலகப் பிரசித்தி பெற்ற புகைப்படக்காரர், 1950 ஏப்ரலில் இங்கே வந்திருந்தார். ரமணரின் கடைசி நாட்களில் அவரைப் படம் எடுத்தவர் அவர்தான். ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தார். அந்த நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி நகர்ந்ததைத் தாம் கண்டதாகவும் சொல்லியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. அறுபது வயதைத் தாண்டிய பிறகு அந்த மனிதர் காமிராவைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டு, பென்சிலை எடுத்துக்கொண்டு படம் வரைய உட்கார்ந்துவிட்டாராம்! இதைப் படித்த அன்று நோட்டும் கையுமாக அவரிடம் போய், "பாருங்கள், நான் மட்டும் இல்லை" என்றேன். "அவருக்கும் காப்பி யார் போட்டுக் கொடுத்தாங்களாம்?" என்றார்.

இப்படியே வேடிக்கையாக முடித்துவிடலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கிறோமே, நமக்கென்ன என்று இருந்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வானம் பொத்துக்கொண்டது என்பார்களே, அதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மாடிப்படி முகப்பில் ஒரு சாய்ப்பு உண்டு. அங்கே நின்று பார்த்தேன். நடுவில் கொஞ்ச நேரம் மேகம் விலகி மலை முகம் காட்டிற்று. அடடா! மழை கழுவிவிட்ட கரும்பச்சை. அதன் மேல் இங்கும் அங்கும் வெள்ளிச் சரிகை மாதிரி தண்ணீர்க் கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஐந்து வருஷத்தில் அப்படி ஒரு மலையைப் பார்த்ததில்லை. ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன். கை நடுங்க, சந்தோஷமாக வரைந்தேன். ஆமாம், சந்தோஷமாகத்தான். அந்த வெள்ளைக் கோடுகளைக் காகிதத்தின் வெண்மையாகவே விட்டு, சுற்றிலும் இருட்டாக்கிக்கொண்டு வந்தேன். படம் நன்றாக வந்தது. என் படங்களில் அதுவே முதல் தரம்.

அன்று மாலை ஊருக்குள், மலையடிவாரத்தில், வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டை மூடிவிட்டது. ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மண்ணையும் பாறையையும் அகற்றி அவர்களை எடுப்பதற்குள் ஊரே செத்துப் பிழைத்தது.

இரவு டி.வி.யில் செய்தி ஓடியபோது நோட்டு என் மடியில்தான் இருந்தது. நான் வெள்ளிச் சரிகை என்று ரசித்த தண்ணீர்தானே அது! "நீ வரைஞ்சதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பைத்தியம் மாதிரி பேசாதே" என்று அவர் அதட்டினார். சம்பந்தம் இல்லைதான். இருந்தாலும் அன்று முதல் பத்து நாளைக்கு மேல் நான் மாடிக்கே போகவில்லை. துணி உலர்த்தக்கூட அவரைத்தான் அனுப்பினேன்.

டிசம்பர் 13 அன்று கார்த்திகை தீபம். மண் இன்னும் உறுதிப்படவில்லை என்று அந்த வருஷம் ஜனங்களை மலையேற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் மட்டும் மேலே போயின. கூடவே காடாத் துணித் திரி. ஏற்றுகிறவர்கள் வழக்கம்போல் பர்வத ராஜகுலத்தார். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவே மாடிகளில் நின்றது. எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண்ணின் குழந்தை, ஏழு வயசு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. உச்சியில் ஒரு பொறி, அப்புறம் சுடர். "அரோகரா" என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. குழந்தை சுடரைப் பார்க்கவில்லை. கீழே அடிவாரத்தில் வரிசையாக மின்னிக்கொண்டிருந்த விளக்குகளைக் காட்டி, "ஆயா, அதெல்லாம் என்ன?" என்று கேட்டது.

"வீடுங்க, கண்ணு" என்றேன்.

அன்றிரவு என் நோட்டுகளை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். ஐந்து வருஷத்துப் படங்கள்; நூற்றுக்கு மேல் இருக்கும். எதிலும் ஒரு வீடு இல்லை! அடிவாரத்தில் அத்தனை ஆயிரம் வீடுகள் இருக்கின்றனவே. மலைக்கு அழகில்லை என்று செல்போன் கோபுரத்தையும் மின்கம்பியையும் விட்டதுபோல் வீடுகளையும் விட்டுவிட்டேன். அடியில் கொஞ்சம் புதர் மாதிரித் தீற்றி முடித்திருந்தேன். சில்பி ஒரு தூணைக்கூட விடாதவர்; அவரைக் காப்பி அடித்து வளர்ந்தவள் நான்.

டிசம்பர் 1-ந் தேதிப் படத்தைக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. பின்பக்கம் தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கும் காட்டவும் இல்லை. உங்களிடம் சொல்வதோடு சரி.

இப்போது மறுபடியும் காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போகிறேன். கீழேயிருந்து தொடங்குகிறேன். முதலில் வீடுகள், பிறகு நேரமிருந்தால் மலை. அநேகமாக ஏழரை ஆகிவிடுகிறது, மலை பாதியில் நிற்கிறது. ஜன்னல்கள்தான் சிரமம், மிகவும் சின்னவை. பேரனுடைய 4பி பென்சிலின் முனை அதற்கு ரொம்பத் தடிப்பு. கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகும்போது ஹெச்.பி. பென்சில் ஒரு டஜன் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். பால் கணக்குக்குத் தனி நோட்டும் ஒன்று.