தலைப்பு தேடும் படலம்

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் ஸயன்ஸ் கடைசி வருஷப் பையனுக்கு ப்ராஜெக்ட் தலைப்பு பார்ப்பது! பத்துப் பொருத்தம் இருந்தாலும் கைடு தலையாட்ட வேண்டுமே.

மேனாம்பேட்டில் இருக்கும் என் அக்கா பையன் ஒரு லிஸ்ட்டை நீட்டினான். "இதுல ஒண்ணு செலக்ட் பண்ணிக் குடுங்க மாமா." முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் மெஷின், நாளைய ஷேர் விலையை இன்றைக்கே சொல்லும் புரோகிராம்... நான் வெறும் பி.காம். ஆனாலும் நாளைய ஷேர் விலை தெரிந்தவன் எதற்குப் பாஸ் மார்க்குக்கு அலைய வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

"சரிப்படலேன்னா ப்ராஜெக்ட் சென்டர்ல ரெடிமேடா வாங்கிடலாம். ரிப்போர்ட்டையும் அவங்களே அடிச்சுக் குடுத்துடுவாங்க."

சென்னையில் இந்த வியாபாரம் ஒன்றும் ரகசியமில்லை ஸார். மார்க்கூட வந்துவிடும். ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில், "இந்த வரியை ஏன் எழுதினே?" என்று கேட்டால் பதில் சொல்லக் கடைக்காரர் வரமாட்டார். காலேஜ் ஃபீஸுக்காக அக்கா அடகு வைத்த வளையல் இன்னும் பாங்க்கில்தான் இருக்கிறது.

அவனுக்கு ஒரு கதை சொன்னேன். 1991-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் லேபில் பல பேருக்கு ஒரே காபி ஜாடி. மாடிப்படி இறங்கி வந்து பார்த்தால் காலி! வெறுத்துப்போனவர்கள் ஜாடிக்கு எதிரே ஒரு காமிராவை வைத்து, காபி இருக்கிறதா என்று அவரவர் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொண்டார்கள். 1993-ல் அது இன்டர்நெட்டில் ஏறி, உலகின் முதல் வெப்காம் என்று பேர் வாங்கியது. 2001-ல் நிறுத்தும்வரை ஊர் உலகமே அந்த ஜாடியை எட்டிப் பார்த்தது.

"தலைப்பு ஆகாசத்துல இல்லடா, காலி ஜாடியில இருந்துச்சு. உன் தெருவுல என்ன கஷ்டம்னு பாரு."

"மழை பெஞ்சா முழங்கால் தண்ணி மாமா!"

பிடித்தான் பாருங்கள்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றதை மறக்க முடியுமா? மழை அளவு என்றாலே நியூஸில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம்தான். மேனாம்பேட்டுக்காரர் பேர்ப் பொருத்தம் பார்த்து வேண்டுமானால் சந்தோஷப்படலாம். பைக்கை எப்போது மேட்டில் ஏற்றுவது என்று அது சொல்லாதே!

மொட்டைமாடியில் ஒரு மழைமானி. கேட்டில் தண்ணீர் உயரம் அளக்க ஒரு சென்சார். எத்தனை மில்லிமீட்டர் பெய்தால், எத்தனை நிமிஷத்தில் வாசற்படி முழுகும்? ஒரே கேள்வி. அவ்வளவுதான் தலைப்பு.

எங்கள் காமர்ஸ் பாஷையில் டேட்டாதான் ஓப்பனிங் பாலன்ஸ். அது இல்லாமல் லெட்ஜரைத் திறக்கக் கூடாது. அக்டோபரில் பருவமழை ஆரம்பித்தால் டேட்டா தானாக வாசலுக்கு வரும். கணிப்பு தப்பினாலும், ஏன் தப்பியது என்று நாலு பக்கம் சொந்தமாக எழுதலாம். இன்டர்வியூவில் அதைக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும்.

"மழையே பெய்யலேன்னா மாமா?"

"உங்கம்மா துணி காயும். நீ பக்கெட்ல தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணு!"