எடைக்குப் போக இருந்த தமிழ்!

பூந்தமல்லியில் திருவள்ளூர் பஸ் பிடிச்சா, கொஞ்ச நேரத்துல திருமழிசை. பக்தர்கள் ஜகந்நாதப் பெருமாள் கோயில் பக்கம் திரும்புவாங்க. நான் திரும்பினது சிட்கோ தொழிற்பேட்டை பக்கம். அங்கே ஒரு காயலான் கடையில் பழைய கம்ப்யூட்டர் கார்டுகள் மூட்டை மூட்டையா கிடக்குதுன்னு க்ளாஸ்மேட் சொன்னான். இ.சி.இ. படிக்கிற பொண்ணுக்கு இதைவிட டூரிஸ்ட் ஸ்பாட் வேணுமா?

"பார்த்துக்கம்மா. சனிக்கிழமை ஆள் வந்தா எல்லாம் உருக்கப் போயிடும்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. கார்டு விளிம்பில் இருக்கிற தங்க முலாம்தான் காரணம்.

கார்டுகளை அடையாளம் கண்டுபிடிக்கிறது பக்கா துப்பறியும் வேலை பாஸ்! விளிம்பில் ஒரே பட்டை இருந்தா, 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி. ஸ்டைல் 8 பிட் கார்டு. பக்கத்திலேயே இன்னொரு குட்டிப் பட்டை இருந்தா, 1984-ல் வந்த 16 பிட் ரகம். பின்பக்கம் மூணு வரிசையில் 15 ஓட்டையா? மானிட்டருக்கான வி.ஜி.ஏ. ரெண்டே வரிசையில் 15-ஆ? ஜாய்ஸ்டிக் செருகுற இடம். பெரும்பாலும் சவுண்ட் கார்டு. சிப் மேல் '9123' என்றிருந்தா, 1991-ம் வருஷம், 23-வது வாரம் தயாரானது.

எல்லாத்துக்கும் ஜாதகம் கணிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் எதிலும் அடங்கலை. கிட்டத்தட்ட மிதிச்சிருப்பேன். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில், பால்பாயின்ட் பேனாவில் 'தமிழ்'!

போட்டோ எடுத்து எங்க லேப் அசிஸ்டென்ட் சாருக்கு அனுப்பினேன். அடுத்த நிமிஷமே போன். "ஏம்மா, அது ஜிஸ்ட் கார்டு! தொண்ணூறுகள்ல எங்க ஆபீஸ்ல இருந்துச்சு. விட்டுடாதே!"

டாஸ் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. இந்தக் கார்டைச் செருகினா, இங்கிலீஷுக்காக எழுதின சாஃப்ட்வேரிலும் தமிழ், இந்தி எல்லாம் அடிக்கலாம். கான்பூர் ஐ.ஐ.டி-யில் பிறந்து, 1988-ல் புனேயில் தொடங்கிய சி-டாக்கில் வளர்ந்த டெக்னாலஜி இது.

பிராமி வழி வந்த இந்திய எழுத்துகளுக்கெல்லாம் பொதுவா 'இஸ்கி'ன்னு ஒரு குறியீடு. அந்த வரிசையைப் பார்த்துத்தான் யூனிகோடிலும் தமிழுக்கு இடம் போட்டாங்க. இந்தியில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே இன்னும் மூணு எழுத்து உண்டு; நமக்குக் கிடையாது. அதனால யூனிகோடு தமிழ் வரிசையில் அந்த மூணு இடமும் இன்னிக்கும் காலி! மொபைலில் நீங்க தட்டுற 'சாப்பிட்டியா'வுக்கும் இந்தக் கார்டுக்கும் சொந்தம் இருக்கு மக்களே.

திருமழிசை ஆழ்வாருக்கு வலது கால் விரலிலும் ஒரு கண் உண்டுன்னு ஊர்ல சொல்றாங்க. அன்னிக்கு எனக்கும் அப்படி ஒண்ணு தேவைப்பட்டது!

எடைக்கு எடை காசு கொடுத்துக் கார்டை வாங்கிட்டேன். செருகிப் பார்க்க என் கம்ப்யூட்டரில் ஸ்லாட் இல்லை. தேடணும். மீதி மூட்டை சனிக்கிழமை போயிடுச்சு. அதுல இன்னும் எத்தனை 'தமிழ்' இருந்ததோ!

உங்க ஏரியா காயலான் கடைக்குப் போறீங்களா? வெள்ளிக்கிழமையே போயிடுங்க.