பிரட்டுக்களத்தில் எட்டு

நாற்பத்து மூன்றாம் வயதில் நான் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினேன். இதிலே எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நகரத்து நண்பர்கள் கேட்கக்கூடும். கண்டி வீதிகளில் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள் ஸ்கூட்டரில் விரைந்து செல்வதை அவர்கள் அன்றாடம் காண்கிறார்கள். நானும் காண்கிறேன். ஆயினும், கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இன்று அயல் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு அந்த வாகனம் வெறும் வாகனமாக இருந்ததில்லை. அதன் மேல் ஏறி உட்காருவதற்கு நான் கற்கவேண்டியவை சில, மறக்கவேண்டியவையோ பல.

என் சிறுபிராயத்தில், அதாவது 1980களில், எங்கள் தோட்டத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். அது சின்னத்துரையுடையது. மலையின் அடுத்த மடிப்பில் அதன் சத்தம் கேட்டதுமே பாதையில் நடப்போர் ஒதுங்குவர். ஒதுங்குதல் என்றால் ஓரத்தில் நிற்பதன்று. பாதையை விட்டிறங்கிக் கானுக்குள் நிற்பது. ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். மழையானாலும் குடையை மடக்கிவிட வேண்டும். என் தகப்பனார் என் கையைப் பற்றித் தம்மோடு கானுக்குள் இழுத்துக்கொள்வார். வண்டி கடந்து போனபின் அது வாரியடித்த சேற்றைத் துண்டினால் துடைத்தவாறே மீண்டும் நடப்பார். அவர் முகத்தில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மழை பெய்தால் நனைகிறோம். அதுபோல இதுவும் ஒன்று.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் வெள்ளைக் கம்பனிகள் போயின என்று பாடப்புத்தகத்தில் நானே கற்பிக்கிறேன். துரைமாரின் நிறம் மாறியது. கானின் ஆழம் மாறவில்லை.

எங்கள் பாதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இவை மனிதர் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. முதலிற் கோப்பிக்காகவும், பின்பு தேயிலைக்காகவும் வெட்டப்பட்டவை. எங்கள் பகுதியிலுள்ள லூல்கந்துரையில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892 இல் அவர் இறந்தபோது, பாரமான அந்த உடலைத் தொழிலாளர்கள் முறை மாற்றித் தோளிற் சுமந்து, கண்டி மஹியாவ மயானம் வரைக்கும் மலையிறங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. டெய்லருக்கு அங்கே கல்லறை உண்டு. சுமந்தவர்களின் பெயர்களை நான் எங்கும் படித்ததில்லை. மறுபுறம் ஹேவாஹெட்டப் பக்கம் போனால் முல்லோயாத் தோட்டம். சம்பள உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10 ஆம் நாள், கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு அங்கேதான் இரையானார். அவர் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

என்னை வண்டியில் ஏறத் தூண்டியது வரலாறன்று, பஸ் இல்லாமற்போனதுதான். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. கொழுந்து பறிக்கும் ஒருத்தியின் நாட்சம்பளம் அப்போது 1000 ரூபா. இரண்டு லீற்றர் பெற்றோலுக்கு ஒரு பகலின் உழைப்பு! பாடசாலை நடந்த நாட்களில் நான் நடந்தே போனேன். பிள்ளைகளும் நடந்தே வந்தார்கள். பிறகு கியூ.ஆர். அட்டை வந்தது; மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன என் தம்பியின் 100 சீ.சீ. வண்டி, தவணைப் பணம் கட்டி முடிந்து, எங்கள் இஸ்தோப்பில் சாக்கு மூடிக் கிடந்தது. புது வண்டிகளுக்கோ 2020 மார்ச் முதல் இறக்குமதித் தடை. கிடந்ததை எடுத்தேன். அது 2023 இன் தொடக்கம்.

எனக்குக் கற்பித்தவன் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்போடு நின்று, இன்று கலஹாக் கடைவீதியில் ஆட்டோ ஓட்டுகிறான். கணக்கிலே அவனை நான் பலமுறை கடிந்ததுண்டு. கற்பிக்கும் கலையில் அவன் என்னைவிடப் பொறுமைசாலி என்பதை அறிய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது.

மலைநாட்டிலே சமதரை அரிது. வண்டி பழக எங்களுக்கு வாய்த்த சமதரை பிரட்டுக்களம் ஒன்றே. தோட்டத்தை அறியாத வாசகருக்காகச் சொல்கிறேன்: விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம் அது. 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே பிரட்டு ஆயிற்று. நேரம் பிந்தியவளைத் திருப்பி அனுப்புவதும், கொழுந்து குறைந்தவளுக்கு அரைப்பேர் போட்டதைச் சொல்லி ஏசுவதும் அங்கேதான். என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே நின்றவர். அந்த மண்ணில் இரண்டு கற்களை நட்டு, அவற்றைச் சுற்றி எட்டுப் போடச் சொன்னான் என் குரு.

முதற்பாடம் எட்டு அல்ல, கிளச். இடக்கைப் பிடியை முழுவதும் அழுத்தினால் இயந்திரத்துக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுகிறது. முழுவதும் விட்டால் தொடர்பு முற்றாகிறது. இரண்டுக்கும் நடுவே விரலளவு இடம் ஒன்றுண்டு. அங்கேதான் வண்டி மெல்ல மூச்சுவிட்டு நகரத் தொடங்கும். அந்த இடத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது; கைதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் திடீரென்று விடுவேன். வண்டி குதித்து நின்றுவிடும். முதல் நாள் பதினேழு தடவை நின்றது. எண்ணியவர்கள் களத்தைச் சூழ்ந்திருந்த என் வகுப்புப் பிள்ளைகள்.

"டீச்சர், வண்டியத் தள்ளாதீங்க. கிளச்ச அரைவாசியில புடிச்சுக்கிட்டு இருங்க. காலு பின்பிரேக்குல லேசா இருக்கட்டும். அவசரமே வேணாம்."

மெதுவாகப் போகும்போதுதான் வண்டி விழும். வேகம் வந்தால் அதுவே நிமிர்ந்துகொள்ளும். ஆகவே எட்டு என்பது வேகத்தின் சோதனையன்று, வேகமின்மையின் சோதனை. மூன்றாம் ஞாயிறன்று ஒரு வட்டம் முடித்தேன். எட்டின் நடுவே, ஒரு வட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில், ஒவ்வொரு முறையும் கால் தரையைத் தொட்டது. "கல்லப் பாக்காதீங்க, டீச்சர். போற எடத்தப் பாருங்க" என்று அவன் சொல்லிக்கொண்டேயிருந்தான். நான் கல்லையே பார்த்தேன். வண்டி கல்லுக்கே போயிற்று.

ஐந்தாம் வாரம் களத்தை விட்டுப் பாதைக்கு வந்தோம். அவன் ஆட்டோவில் பின்னால் வர, நான் இரண்டாம் கியரில் மெல்லச் சென்றுகொண்டிருந்தேன். எதிர்த் திருப்பத்துக்கு அப்பால் ஒரு மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டது. பாதையில் இருவருக்கும் தாராளமாக இடமிருந்தது. என் பக்கம் இடப்பக்கம். நான் அதிலேதான் இருந்தேன். ஆனால் அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் என் கண் கானுக்குப் போயிற்று. மறுகணம் நானும் வண்டியும் கானுக்குள் கிடந்தோம்.

வந்தவர் தோட்டத்தின் இன்றைய சின்னத்துரை. இருபத்தைந்து வயது இருக்கும். பதறி இறங்கி, வண்டியைத் தூக்கி நிறுத்தி, "டீச்சர், அடிபட்டுதா?" என்று கேட்டார். நல்ல பிள்ளை. அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. முழங்கையில் இரத்தம் கசிய நான் நின்றபோது எனக்கு நொந்தது கையன்று. என்னை யாரும் இழுக்கவில்லையே! தகப்பனார் இறந்து எத்தனையோ ஆண்டுகள் கழிந்தும், அவருடைய கை என் கையைப் பற்றி இழுத்ததுபோல் இருந்தது.

என் குருவுக்கு இவையெல்லாம் தெரியாது. அவன் சொன்னது இவ்வளவுதான்: "கானப் பாத்தீங்க, வண்டி கானுக்குப் போச்சு. ரோட்டப் பாருங்க டீச்சர்."

இது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பல்ல என்று பின்னர் அறிந்தேன். உலகெங்கும் மோட்டார் சைக்கிள் பழக்குவோர் சொல்லும் முதல் எச்சரிக்கையே இதுதான்: அஞ்சும் பொருளை உற்று நோக்கினால் அதன் மீதே மோதுவாய். பார்வை போகும் பக்கம் தலை திரும்புகிறது. தலை திரும்பும் பக்கம் தோளும், தோளின் வழியே கைப்பிடியும் திரும்புகின்றன. இன்னும் ஒரு விந்தையும் உண்டு. சற்று வேகமாகச் செல்லும் வண்டியை இடப்பக்கம் திருப்ப, இடக் கைப்பிடியை முன்னோக்கி அழுத்தவேண்டும். அதாவது கணப்பொழுது சக்கரம் வலப்பக்கம் திரும்பி, வண்டி இடப்பக்கம் சாயும். விமானம் கண்ட சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுவோர் பலரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்து, ஒருவருக்கும் தாம் செய்வது இன்னதென்று சரியாகத் தெரியவில்லை என்று கண்டாராம். உடல் தான் கற்றதை நமக்குச் சொல்வதில்லை. வண்டியைத் திருப்பவும் அது கற்கிறது. கானுக்குள் இறங்கவும் அது கற்கிறது.

மோட்டார் சைக்கிள் என்றதும் முற்போக்கு நண்பர்களுக்குச் சே குவேராவின் நினைவு வருவது இயல்பு. என் சக ஆசிரியர் ஒருவரும் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்தார். 1952 இல் நண்பர் அல்பேர்ட்டோ கிரனாடோவின் 500 சீ.சீ. நோர்ட்டன் வண்டியில் புறப்பட்ட அந்த மாணவர் வழிநெடுக விழுந்தெழுந்தார் என்பதை மட்டும் நான் ஆறுதலாகக் கொண்டேன். அந்த வண்டி சிலி நாட்டிலே முற்றாகப் பழுதாயிற்று. அதன் பின்னர்தான், லொறிகளிலும் கால்நடையாகவும் போகும் வழியில், சுக்கிக்கமாட்டாச் செப்புச் சுரங்கத்துப் பக்கம் வேலை தேடி அலைந்த கம்யூனிஸ்ட் தொழிலாளியையும் அவர் மனைவியையும் அவர்கள் சந்தித்தார்கள். வண்டி ஓடியிருந்தால் ஒருவேளை கடந்து போயிருப்பார்களோ என்னவோ! அதே சே 1959 இல் இலங்கைக்கு வந்து, ஹொரணைப் பக்கத்து யஹலகலை இறப்பர்த் தோட்டத்தில் ஒரு மகோகனி மரத்தை நட்டுச் சென்றார். நிற்க.

ஏற்றம் எனக்கு எளிதாயிற்று, இறக்கந்தான் வித்தை. எங்கள் பக்கத்து இளைஞர்கள் பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக இயந்திரத்தை நியூட்ரலில் விட்டு மலையிறங்குவார்கள். பிரேக் சூடேறிப் பிடிமானம் தளர்ந்தால் அவர்களைத் தடுக்க வேறெதுவும் இல்லை. சின்னக் கியரில் இறங்கினால் இயந்திரமே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்று யாரோ பரப்பிவிட்ட பயமும் உண்டு. உண்மையில் நிறுத்தும்போது பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதனுடையதே. வெடுக்கென்று பிடிக்காமல், நேராகச் செல்கையில், படிப்படியாக அழுத்தவேண்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். சரளைக்கல்லிலும், மழை நனைத்த சருகிலும், கொழுந்து லொறி சிந்திய எண்ணெயிலும் திருப்பத்தின் நடுவே பிரேக் போட்டவன் மண்ணை முத்தமிடுவான். நான் இருமுறை முத்தமிட்டேன்.

அனுமதிப்பத்திரச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எட்டைக் காலூன்றாமல் முடித்தேன். ஆனால் அன்று அங்கே கட்டளைகள் யாவும் சிங்களத்தில் மட்டுமே கூறப்பட்டன. தமிழும் ஆட்சிமொழி என்று 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் சொல்கிறது. எனக்குச் சிங்களம் தெரியும். பக்கத்தில் நின்ற தோட்டத்துப் பையனுக்குத் தெரியாது. விழித்துக்கொண்டு நின்றவனுக்கு, சோதனைக்கு வந்திருந்த ஒரு சிங்களப் பெண்மணி தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் விளக்கினார். அவனும் தேறினான். அட்டை கைக்கு வந்தபோது தகப்பனாரை நினைத்தேன். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரை மூன்று வயதில் நாடற்றவராக்கியது. 1988 இல் பிரஜாவுரிமை கிடைக்கும் வரை, இன்னார் என்று காட்ட அவரிடம் ஓர் அட்டை இருந்ததில்லை.

சென்ற ஆண்டு என் தாயாரைக் கிளினிக்குக்கு முதன்முறையாக வண்டியில் ஏற்றிச் சென்றேன். பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் அணியவேண்டும் என்பது சட்டம். கொழுந்துக்கூடையின் கயிறு முப்பது ஆண்டு அழுந்தி அழுந்தி அவர் உச்சந்தலையில் முடி தேய்ந்து ஒரு தடம் விழுந்திருக்கிறது. கழுத்தும் முன்னோக்கியே வளைந்துவிட்டது. ஹெல்மெட்டை மாட்டியதும், "கூடையே தேவல புள்ள" என்றார். தெல்தோட்டை வீதியில் ஏறியபோது பின்னால் ஒரு ஜீப்பின் ஹோர்ன் ஒலித்தது. உடனே அவர் விரல்கள் என் தோளை இறுகப் பற்றின.

"ஒதுங்கு புள்ள, ஒதுங்கு."

"என் பக்கத்துலதான் போறேன் அம்மா" என்றேன். ஜீப் தன் வழியே கடந்து போயிற்று. அவர் பிடி தளர வெகுநேரமாயிற்று. கிளினிக்கு வாசலில் இறங்கியதும், போய்வர எவ்வளவு பெற்றோல் செல்லும் என்று கேட்டார். சொன்னேன். அதற்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்கவேண்டும் என்று விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு, திரும்பும்போது பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். பஸ் வரவில்லை.

இப்போது எங்கள் பாடசாலையின் இளம் ஆசிரியைகள் இருவர் ஞாயிறுதோறும் பிரட்டுக்களத்துக்கு வருகிறார்கள். ஒருத்தி எட்டுப் போட்டுவிட்டாள். மற்றவள் இன்னும் கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வருகிற ஞாயிறு மழை பெய்யாவிட்டால் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.