உழைத்த இடத்திலேயே ஓய்வு

எங்கள் தோட்டத்தில் தென்னைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இடையே சோளம் விதைத்து வந்த ஒரு துண்டு நிலம், இப்போது குதிரைக்குப் பயிற்சி தரும் அரீனாவாக மாறியிருக்கிறது. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் 20 சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. டிரெஸ்ஸாஜ் என்னும் குதிரையேற்றக் கலையில் சிறிய களத்துக்கு இதுதான் அளவு. காலையில் எழுந்ததும் என் கால்கள் முதலில் போவது அங்கேதான்.

கொங்கு நாட்டுச் செம்மண் கோடையில் இறுகிக் கிடக்கும்; ஐப்பசி மழையில் சேறாகும். இரண்டும் குதிரைக்கு ஆகாது. கடினத் தரையில் ஒவ்வொரு எட்டும் குளம்பையும் மூட்டையும் அதிரவைக்கும். ஆழமான மணலோ காலின் பின்புறத் தசைநாண்களை வருத்தும். அந்த நாண் ஒருமுறை கிழிந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். அதனால் மேல்மண்ணை வழித்தெடுத்து, கிராவல் கொட்டி ரோலர் விட்டு இறுக்கி, தண்ணீர் வடிய ஒரு பக்கம் லேசாகச் சரிவு கொடுத்து, அதன் பிறகுதான் மணல் போட்டோம். மணலிலும் விஷயம் இருக்கிறது. ஆற்று மணலின் பரல்கள் உருண்டை, குளம்புக்கடியில் உருளும். முனையுள்ள பரல்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். எனவே தூசு போகக் கழுவிய எம்-சாண்டை முதலில் 2 அங்குலம் மட்டும் பரப்பி, குதிரை நடந்து பழகிய பிறகு தேவை பார்த்துக் கூட்டினோம். கூட்டுவது எளிது, அள்ளி எடுப்பது பெரும்பாடு. சாயங்காலம் தண்ணீர் தெளிப்பதும், மினி டிராக்டரில் பரம்பு கட்டி இழுத்துச் சமன் செய்வதும்கூட எனக்கு இன்பமான வேலைகளாகிவிட்டன.

சவுக்குக் கழி வேலியில் ஏ, கே, இ, ஹெச், சி, எம், பி, எஃப் என்று எட்டு எழுத்துப் பலகைகள் மாட்டியிருக்கிறோம். நடு மையம் எக்ஸ். அதற்குப் பலகை கிடையாது, மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். சி-யில் தொடங்கும் 20 மீட்டர் வட்டம் இரு பக்க வேலிகளையும் தொட்டு, எக்ஸ் வழியாகத் திரும்பும். வேலியைத் தொடுவது ஒரு கணம்தான். அதற்கு மேல் ஒட்டிப் போனால் வட்டம் மூலைக்குள் நுழைந்து சப்பையாகிவிடும். ஒழுங்கான வட்டத்தில் குதிரையின் உட்புறப் பின்கால் வயிற்றுக்கடியில் எட்டி வைக்கப் பழகுகிறது. முதுகு வலுத்து, ஆளைச் சுமப்பது அதற்குச் சுலபமாகிறது. புதிதாகப் பரம்படித்த மணலில் ஒரு சுற்று முடித்து இறங்கிப் பார்த்தால், எந்த இடத்தில் தோள் வெளியே சாய்ந்தது, எந்த இடத்தில் பின்கால் தடம் விலகியது என்று எல்லாம் தெரிந்துவிடும்.

எங்களிடம் இருப்பது மார்வாரி இனப் பெண்குதிரை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. உட்பக்கம் வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் அதன் காதுகள் சின்னச் சத்தத்துக்கும் திரும்பும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டத் தன்னைச் சுற்றிலும் பார்க்கிறது. காட்டில் வேட்டை மிருகங்களுக்குத் தப்பிப் பிழைத்த இனத்தின் எச்சரிக்கை அது. அதனிடம் நாம் கெண்டைக்காலின் அழுத்தத்தாலும் கடிவாள வாராலும் பேசுகிறோம். அந்த அழுத்தம் விலகும் கணத்தில்தான் அது கற்றுக்கொள்கிறது. கேட்டதைச் செய்த நொடியில் கால் தளர்ந்தால், இதுதான் சரி என்று புரிந்துகொள்கிறது. விடுவிக்கத் தாமதித்தால் பாடமே மாறிவிடும்.

வீட்டிலேயே களம் வந்தபின் இந்தப் பாடம் எனக்கு இன்னும் விரிந்தது. முன்பெல்லாம் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வேறொரு களத்துக்குப் போவோம். போன தூரத்துக்கும் கொடுத்த காசுக்கும் ஈடாக முழு நேரமும் சவாரி செய்ய மனசு துடிக்கும். இப்போது அந்தக் கணக்கு இல்லை. ஒருநாள் நான் வாரை இழுக்காமலே, நான் உட்காரும் விதத்தையும் மூச்சையும் மட்டும் உணர்ந்து, கேண்டர் என்னும் மெல்லோட்டத்திலிருந்து குதிரை அமைதியாக நடைக்கு இறங்கியது. வெயில்கூட ஏறவில்லை. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வேலியோரம் நின்று, "போதுமுங்க தம்பி, இன்னிக்கு இத்தோட விட்டுருங்க" என்றார். அங்கேயே இறங்கிச் சேண வாரைத் தளர்த்தினேன். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடிவதுதான் வீட்டுக் களம் தரும் பெரிய செல்வம்.

கிரேக்கப் படைத்தலைவர் செனொபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். பயிற்சி முடிந்ததும் களத்துக்கு வெளியே போய் இறங்காமல், வேலை வாங்கிய இடத்திலேயே குதிரைக்கு ஓய்வும் தர வேண்டும் என்பது அதில் ஓர் அறிவுரை. குதிரை இடத்தை மறப்பதில்லை. களைப்பும் கண்டிப்பும் மட்டுமே கண்ட இடத்துக்குள் அது தயங்கித்தான் நுழையும். அதனால் சில நாள் பயிற்சியே கிடையாது. களத்தில் அவிழ்த்துவிட்டு, அது மணலில் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம். அந்த அணியின் நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். அப்படிப்பட்ட பயிற்சியின் முதல் பாடங்களையாவது நம் ஊரிலேயே தொடங்க முடியும் என்று நம்புகிறேன். அந்தியூர்ச் சந்தைக்கு ஆண்டுதோறும் நல்ல குதிரைகள் வருகின்றன. அவற்றை வாங்கும் தோட்டக்காரர்கள் பலரிடம் 20 சென்ட் நிலமும் இருக்கிறது. தண்ணீர் தேங்காத தரை, அளவான மணல், சரியாகச் செய்ததும் இறங்கிவிடும் மனசு, இந்த மூன்றும் போதும். முதல் இரண்டைக் காசு கொடுத்து அமைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, களம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மெல்ல மெல்ல வந்து சேரும்.