குழல் உடைய வேண்டும்

தியாகதுருகம் மலைக்கோட்டையின் உச்சியில் இன்றும் பழைய பீரங்கி கிடக்கிறது. 1790-இல் திப்பு சுல்தானின் படை தாக்கிய கோட்டை அது. மலை கண்ணில் படும் தூரத்தில் உள்ள ஒரு கல் குவாரியில் வெடிக்காரர் ஒருவர் தன் செல்போனை நீட்டி, "இந்தக் குழியப் பாருங்க சார், பீரங்கி மாதிரி சுட்டுடுச்சி" என்றார்.

ஸ்லோமோஷனில் எடுத்த படம். முன்வரிசைக் குழிகளில் பாறை முதலில் வயிறு மாதிரி உப்புகிறது. பிறகு விரிசல், அதன் பிறகே புழுதி. ஒரே ஒரு குழியில் மட்டும் பாறை அசையவில்லை. வாயிலிருந்து மண் ஒரு கோடாகச் சீறி மேலே போகிறது.

குழியில் தோட்டாவை இறக்கி, மேலே மண்ணைத் திணித்து அடைப்பார்கள். வெடித்த வாயு உள்ளேயே அடைபட்டு நின்றால்தான் பாறை பிளக்கும். திணிப்பு தளர்ந்திருந்தால் வாயு வந்த வழியே ஓடிவிடும். ஆவடியில் தயாராகும் அர்ஜுன் டாங்கியின் 120 மி.மீ. பீரங்கியில் குழல் நிலைத்து நிற்க வேண்டும், குண்டு வெளியேற வேண்டும். குவாரிக்காரருக்கு வேண்டியது நேர்மாறு. அடைப்பு நிற்க வேண்டும், குழல் உடைய வேண்டும்.

அந்த வெடிக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கிணற்று வேலையில் தொடங்கியவர். கல்வராயன் மலையடிவார ஊர்களில் கொஞ்சம் ஆழம் போனாலே பாறைதான், வேட்டு வைக்காமல் கிணறு இறங்காது. அந்தக் காலத்தில் திரி வைத்து, ஏறி வந்து, குந்தியபடி சத்தத்தை எண்ணுவார்களாம். எட்டுக் குழிக்கு எட்டுச் சத்தம் கேட்டால்தான் மறுபடி இறங்குவார்கள். தோட்டாவை வெடிக்க வைக்கும் இப்போதைய கேப்புகள் வரிசைக்கு வரிசை 25 மில்லி நொடி இடைவெளியில் வெடிக்கின்றன. காதுக்கு எல்லாம் ஒரே 'டமார்'தான். போன எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்தது அவருடைய மருமகனின் செல்போன். நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் படத்தில் 25 மில்லி நொடி என்பது ஆறு பிரேம். அதை விரலால் நகர்த்தி எண்ணிவிடலாம்.

செல்போனுக்கு எட்டாததும் உண்டு. இன்றைய வெடிமருந்தில் வெடிப்பு நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நான்கு மீட்டர் ஆழக் குழி ஒரு மில்லி நொடியில் தீர்ந்துவிடும். ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு மில்லி நொடி. ஆக, திரையில் தெரிவது வெடிப்பு அல்ல, அதன்பின் பாறை படும் பாடு. வெடிப்பையே பிடிக்க நொடிக்கு லட்சக்கணக்கில் படமெடுக்கும் கேமரா வேண்டும். பாயும் தோட்டாவின் முன்னே எழும் அதிர்வலையை இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1887-லேயே படமாக வெளியிட்டுவிட்டார். சண்டிகரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் வெடிப்புகளை அதிவேகக் கேமராக்களால் ஆராய்கிறது. டாங்கிக் குண்டின் கதையும் இதேதான். நொடிக்கு 1,500 மீட்டர் போகும் குண்டு, 240 பிரேம் படத்தில் பிரேமுக்கு ஆறு மீட்டர் தாவிவிடும். அதனால் கேமராவின் முன் ஒரு கண்ணாடியைச் சுழற்றி, பறக்கும் குண்டைத் தொடர்ந்து பிடிக்கிறார்கள்.

நான் போன அன்று 18 குழிகள், மூன்று வரிசை. கேப்புப் பெட்டியைத் தொடும் முன் அவர் சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து, சாப்பாட்டுப் பையில் போட்டு, தூரத்தில் நின்ற டிராக்டரின் சீட்டில் வைத்துவிட்டு வந்தார். அன்று வைத்தவை மின்சார கேப்புகள், அவற்றுக்கு அருகில் செல்போன் அலை ஆபத்து. எங்களிடமும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். படம் எடுக்கும் மருமகன் அதற்குள் எதிர்மேட்டில் ஸ்டாண்டை நட்டிருந்தான். விசில், சிவப்புக் கொடி, மறுபடி விசில். சத்தம் கல்வராயன் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

புளியமர நிழலில் நான்கு பேர் ஒரு திரையைச் சுற்றிக் குந்தினார்கள். முதல் வரிசை ஆறு. இரண்டாவது ஆறு. மூன்றாவது வரிசையில் பையன் விரலை நிறுத்தினான்.

"மாமா, அஞ்சாவது உப்பல."

"திருப்பி ஓட்டுடா."

மூன்று முறை ஓட்டினார்கள். புழுதி மறைத்திருக்கலாம், படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது என்று அவரே சொன்னார். ஆனாலும் கல் அள்ள வந்த ஹிட்டாச்சியைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். புகை அடங்கி, காத்திருக்க வேண்டிய நேரமும் போனபின் போர்மேனும் அவரும் மட்டும் நடந்து போனார்கள். சிதறிய கல்லுக்கு நடுவே ஐந்தாவது குழியின் மண் அடைப்பு வைத்தது வைத்தபடி இருந்தது. ஹிட்டாச்சியின் இரும்பு வாளி முதலில் இறங்கியிருக்கும் இடம் அதுதான். அதைச் செயலிழக்கச் செய்யும் வரை லாரிகள் வாசலிலேயே நின்றன, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மெமரி நிறைந்துவிடுவதால் இந்தப் படங்களை வாரக் கடைசியில் அழித்துவிடுகிறார்கள். சினிமாப் பாட்டு சேர்த்துச் சுற்றுக்கு விடப்படுபவை மட்டும் பிழைக்கின்றன. குவாரி நடத்துபவர்கள் ஒவ்வொரு வேட்டின் படத்தையும் தேதியோடும் குழி வரைபடத்தோடும் சேர்த்து வைக்க வேண்டும். வெடிக்காரர் சான்றிதழுக்கு வரும் இளைஞர்களுக்குப் பயிற்சியில் அவற்றைப் போட்டுக் காட்ட வேண்டும். அந்த ஐந்தாவது குழியின் படத்தை அழிக்காமல் வைத்திருக்கும்படி மருமகனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.