நண்பனின் வீட்டைத் தேடி

2016ஆம் ஆண்டு ரமலான் நோன்பின் இறுதி நாள்களில் அச்செய்தி வந்தது. ஈரானியத் திரைப்பட இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி ஜூலை 4ஆம் நாள் பாரிஸ் நகரில், தம் 76ஆம் வயதில் வஃபாத்தானார் என்பதே அச்செய்தி. அதைப் படித்தபோது நம் உள்ளத்தில் எழுந்தது துயரம் மட்டுமன்று. நாணமும் உடன் எழுந்தது. அதன் காரணத்தை இம்மலரில் பதிவு செய்வது கடமை எனக் கருதுகிறோம்.

நம் இல்லத்தில் திரைப்படம் என்னும் பேச்சுக்கே இடமிருந்ததில்லை. அதை வீண் கேளிக்கை என்று விலக்கியவர்கள் நம் அத்தா. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. தெருச் சுவரொட்டிகள் அவர்களின் கருத்துக்கே அரண் செய்தன. அந்தத் தயக்கத்தோடுதான், ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில், தோழர் ஒருவரின் வற்புறுத்தலால் ஒரு திரைப்படக் கழகத்தின் சிற்றரங்கில் சென்றமர்ந்தோம். அன்று காட்டப்பெற்ற படம் 1987ஆம் ஆண்டில் வெளிவந்த 'நண்பனின் வீடு எங்கே?' என்பதாகும். அதன் பாரசீகப் பெயரில் வரும் 'தூஸ்த்' என்னும் சொல், நம் தெருக்களில் வழங்கும் 'தோஸ்த்' என்பதன் உடன்பிறப்பே.

வட ஈரானின் கோகர் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் கதை தொடங்குகிறது. வீட்டுப்பாடத்தைக் குறிப்பேட்டில் எழுதாமல் தனித்தாளில் எழுதிவந்த சிறுவன் ஒருவனை ஆசிரியர் கடிந்துகொள்கிறார். மீண்டும் இவ்வாறு செய்தால் பள்ளியிலிருந்தே நீக்கிவிடுவதாக எச்சரிக்கிறார். அன்று மாலை, அவனுடைய குறிப்பேடு தன் பையில் தவறுதலாக வந்துவிட்டதை அகமது என்னும் சிறுவன் காண்கிறான். அன்னையிடம் முறையிடுகிறான், அவர் செவிகொடுக்கவில்லை. பாட்டனாரோ, கையில் சிகரெட் இருந்தும் அதை எடுத்துவரச் சொல்லி அவனை ஏவுகிறார். சிறுவரைப் பணியப் பழக்குவதே அவரது நோக்கம். குன்றேறி இறங்கி அடுத்த ஊர்வரை ஓடியும் நண்பனின் வீடு அகப்படவில்லை. இரவில் விழித்திருந்து இருவர் பாடத்தையும் அகமதே எழுதுகிறான். மறுநாள் ஆசிரியர் அக்குறிப்பேட்டைப் புரட்டுகையில், முதியவர் ஒருவர் வழியில் கொடுத்த சிறு மலர் அதனுள் இருக்கிறது. அத்துடன் படம் முடிகிறது.

பிறருடைய பொருள் நம் கைக்கு வந்தால் அது அமானிதம் என்று மதரஸாவில் ஓதிக் கற்றவர்கள் நாம். அப்பாடத்தை எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிக் காட்டியதை அன்றுதான் கண்டோம்.

1940இல் தெஹ்ரானில் பிறந்த கியாரோஸ்தமி ஓவியம் பயின்றவர். சிறார், இளையோரின் அறிவு வளர்ச்சிக்கென அந்நாட்டில் இயங்கிய நிறுவனத்தில் பணியாற்றி, 1970இல் தம் முதற்குறும்படத்தை எடுத்தார். 1997இல் 'செர்ரியின் சுவை' கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பகிர்ந்து பெற்றது. அவருக்கு உதவி இயக்குநராக இருந்த ஜாஃபர் பனாகி இயக்கிய 'வெள்ளைப் பலூன்' படத்திற்குத் திரைக்கதை எழுதியவரும் அவரே. இவ்வாறு ஒரு தலைமுறைக்கே அவர் வழிகாட்டியானார்.

ஆயினும் அவர்தம் தனித்தன்மை விருதுகளில் இல்லை. 1990 ஜூனில் கோகர் வட்டாரத்தை நிலநடுக்கம் சிதைத்தது, பல்லாயிரவர் மாண்டனர். தம் படத்தில் நடித்த சிறுவர் உயிரோடுள்ளனரா என்றறிய, தம் மகனுடன் அவர் அங்கே புறப்பட்டுச் சென்றார். அப்பயணத்திலிருந்து 1992ஆம் ஆண்டின் 'வாழ்வு தொடர்கிறது' உருவாயிற்று. நடித்து முடித்த சிறுவரை மறந்துவிடாமல் தேடிப்போன அவ்வியக்குநரிடம் அகமதையே கண்டோம்.

இனி நம் நாணத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், பயிற்சிக் கட்டுரையை இருமுறை தராத மாணவர் ஒருவரை, "இனி அதனுடன் வந்தால் போதும்" என்று வகுப்பிலிருந்து வெளியேற்றினோம். அவர் தலைகுனிந்து சென்றார்; பிறகு வரவேயில்லை. இரவெல்லாம் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துவிட்டு வருபவர் அவர் என்பதைப் பின்னர் உடன் பயின்றோர் கூறினர். கேட்டோம், வருந்தினோம், அவ்வளவே. அவர் வீடு எங்கே என்று தேடவில்லை. அப்படத்தைப் பார்த்துக் கண் கலங்கியவர்களாகிய நாம், நடந்துகொண்டது அப்பள்ளி ஆசிரியரைப் போலவே.

பெருநாள் கழிந்ததும் அப்படத்தை மீண்டும் பார்த்தோம். மறுநாளே பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து முகவரியைக் குறித்துக்கொண்டு புறப்பட்டோம். அவ்வீட்டில் வேறு குடும்பம் குடியிருந்தது. முன்பிருந்தோர் வெளியூர் போய்விட்டனர் என்றார்கள். எவ்வூர் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. காலங்கடந்து தேடியவர்களுக்கு வீடு அகப்படுமா?

அன்று முதல், கட்டுரை எழுதாத மாணவரிடம் "ஏன்?" என்று வினவிய பின்னரே அடுத்த சொல்லைப் பேசுகிறோம். சிலர் பொய்க்காரணம் கூறுவதும் உண்டு. அதனால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை. ஒருவர் உண்மை கூறி, அதைக் கேளாமல் விடுவதே இழப்பு.

மாணவச் செல்வங்களே! உங்கள் அருகில் இருந்தவர் ஒருநாள் வரவில்லையெனில் அவருடைய குறிப்பேடு உங்கள் கையில் இருப்பதாகவே எண்ணுங்கள். அன்றைக்கே அவர் வீட்டைத் தேடிச் செல்லுங்கள். நமக்கு இதைக் கற்பித்த அக்கலைஞரின் பிழைகளைப் பொறுத்து, எல்லாம் வல்ல இறைவன் அவருக்கு நற்பேறு அருள்வானாக! நம் பிழையையும் பொறுப்பானாக!