தேரியின் மறைந்த ஈரம்

திருச்செந்தூருக்குச் செல்லும் யாத்திரிகர்கள் முருகனையும் கடலையும் தரிசித்துத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து மேற்கே சில மைல் சென்றால், குங்குமத்தைக் கொட்டிவைத்தாற்போன்ற செம்மணல் மேடுகள் அலை அலையாய்ப் பரந்து கிடப்பதைப் பலர் அறியார். அதுவே தேரி. குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் தேரி என்று தூத்துக்குடி ஜில்லாவின் தென்பகுதியில் அது பல பெயர்களுடன் விளங்குகிறது.

மாசி மாதத்தில் ஒரு நாள் நாம் காயாமொழி வழியாகத் தேரிக்குள் நடந்து சென்றோம். உச்சி வெயிலில் மணல் பாதத்தைச் சுட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் ஆறுமில்லை, குளமுமில்லை. ஆயினும் உடைமரங்கள் குடை விரித்து நின்றன. பனைகள் வானை அளாவின. இடையிடையே கொழுஞ்சியும் ஆவாரையும் எருக்கும் பசுமை மாறாமல் இருந்தன. இவை எங்கிருந்து நீர் பருகுகின்றன? உடன் வந்த பனையேறி ஒருவரிடம் இதைக் கேட்டோம். அவர் பதில் கூறாமல் குனிந்து மணலைக் கையால் பறித்தார். ஒரு முழ ஆழத்தில் மணலின் நிறம் கறுத்தது. பிடித்தால் உருண்டையாய் நின்றது. "மழை எங்கேயும் போகலை ஐயா, இங்கேதான் கிடக்கு" என்றார்.

அவர் சொன்னது விஞ்ஞான உண்மை. தேரி மணல் பெரும்பாலும் படிகக்கல் பொடி. ஒவ்வொரு பொடியின்மீதும் இரும்புத் துரு மெல்லிய பூச்சாய்ப் படிந்திருப்பதே செந்நிறத்துக்குக் காரணம். பொடிகளுக்கிடையே உள்ள இடைவெளி பெரிது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை வழிந்தோடாமல் நேரே கீழிறங்குகிறது. மேல்மணல் விரைவில் காய்ந்து ஒரு மூடியாகிவிடுகிறது. அந்தப் பெரிய இடைவெளிகளின் வழியே அடியிலுள்ள நீர் மேலேறி ஆவியாவது அரிது.

இதே ஜில்லாவின் வடக்கே, கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் வளமானதென்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். பருத்திக்கு அது தாய். ஆனால் சிறு மழை பெய்தால் கரிசலில் மேல் அங்குலங்களே நனையும். மறுநாள் வெயில் அதைக் கொண்டுபோய்விடும். எஞ்சிய நீரையும் நுண்ணிய களி இறுகப் பற்றிக்கொள்வதால் வேர் அதை எளிதில் பெறுவதில்லை. தேரியோ வாங்கியதை ஆழத்தில் வைத்து, கேட்ட வேருக்குக் கொடுக்கிறது. மழை மிகுந்த சீமையில் மணல் ஏழை. வறண்ட சீமையில் அதுவே நல்ல சேமிப்புக்காரன்.

நீர் உண்டென்றாலும் உணவு குறைவு. இம்மணலில் மக்கும் தழைச்சத்தும் மிகச் சொற்பம். இக்குறையை உடையும் கொழுஞ்சியும் ஓரளவு தீர்க்கின்றன. அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. உதிரும் இலை மரநிழலில் மட்கி, புல்லுக்கு இடம் கொடுக்கிறது. பனையோ தன் நார் வேர்க்கூட்டத்தால் மணலைக் கட்டி நிறுத்துகிறது. உடன்குடிக் கருப்பட்டியின் தித்திப்பு இப்பக்கத்துப் பனைகள் தந்தது. காந்தியடிகள் பனைவெல்லத் தொழிலைக் கிராமத்தின் செல்வமாகப் போற்றியதை நேயர்கள் அறிவார்கள்.

ஆடிக் காற்று மேற்கே கணவாய்களின் வழியாகப் புகுந்து வீசும்போது, செடியற்ற மேடுகள் இடம் பெயர்கின்றன, பாதைகள் புதைகின்றன. செடி உள்ள மேடுகளோ அசைவதில்லை. மண் செடிக்கு நீர் தருகிறது. செடி மண்ணுக்குக் காவல் இருக்கிறது. ஒன்று போனால் மற்றொன்றும் போகும்.

இத்தகைய நிலத்தைத் தரிசு என்று ஏட்டில் எழுதிவிடுவது எளிது. தரிசென்று எழுதிய பின், வெட்டி எடுப்பதும் எளிதாகிறது. 2007-ஆம் ஆண்டில் சாத்தான்குளம் வட்டாரத் தேரி மணலிலிருந்து டைட்டேனியம் எடுக்கும் திட்டம் எழுந்தபோது, அவ்வட்டார மக்கள் பலர் அதை எதிர்த்தனர். அவர்கள் காக்க நினைத்தது வெறும் மணலை அன்று. தங்கள் கிணறுகளையும் பனைகளையும் வாழ்வையுமே.

தேரிக் குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு வரும் பக்தர்கள், ஒரு பிடி தேரி மண்ணைப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். படித்தவர்கள் தரிசு என்று ஒதுக்கிய மண்ணைப் பாமர ஜனங்கள் வணங்கத்தக்கதென்று கண்டிருக்கிறார்கள். நிலத்தின் மதிப்பை மேற்பரப்பைக் கொண்டு நிர்ணயிப்பவர்கள், தேரிக்கு ஒருமுறை போய் ஒரு முழம் தோண்டிப் பார்ப்பது நலம்.